ஆவுடைத்தங்கத்தின் எடை

ஆவுடைத்தங்கத்துக்கு எடையே இல்லை என்பது, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், செங்கோட்டை பாசஞ்சர் தன் புகையை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பிப்போன பிறகு, மேலக்கணவாய் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில், அவள் புருஷன் குற்றாலிங்கத்தின் கையாலேயே தெரியவந்தது. அது மீட்டர்கேஜ் காலம். மலையிடுக்கிலிருந்து இறங்கிவரும் மேல்காற்று ஆனியில் தொடங்கி ஆவணி முடியும்வரை அந்த ஊரின் வாழைகளையும் வேட்டிகளையும் பேச்சுகளையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும். ரயில் வருகிற நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்கிறவர்களைவிட, காற்றில் கரிவாசனை பிடித்துச் சொல்கிறவர்களே அங்கே அதிகம். பார்சல் கிளார்க்கான குற்றாலிங்கம் மாங்காய்க் கூடைகளையும் தேங்காய் மூட்டைகளையும் கொல்லத்துக்குப் போகிற வெற்றிலைக் கட்டுகளையும் நிறுத்து நிறுத்து, நிறுக்காத எதையும் நம்பாத மனுஷனாக ஆகிப்போயிருந்தான்.

பெண்டாட்டியை நிறுக்க வேண்டிவந்தது ஒரு நேர்ச்சையால். அவர்கள் மகள் குழல்வாய்மொழி எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். ஆறு மாதக் குழந்தையாக அவள் நெஞ்சுச்சளியில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்து, பிள்ளை பிழைத்தால் இரண்டு வயதில் அடிவாரத்து முருகனுக்கு எடைக்கு எடை கருப்பட்டி துலாபாரம் கொடுப்பதாகக் குற்றாலிங்கம் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தது, வயதும் இரண்டானது, ஆனால் அது அம்மாவின் மடியைத் தவிர வேறெங்கும் உட்கார மறுத்தது. துலாத்தட்டில் தனியே வைத்தால் கோயிலே இடிந்துவிழும்படி கத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்: தாயும் பிள்ளையும் சேர்ந்தே தட்டில் உட்காரட்டும், பிறகு எதிர்த்தட்டுக் கருப்பட்டியிலிருந்து தாயின் எடையைக் கழித்து எடுத்துக்கொள்ளலாம். கழிக்க வேண்டியது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அவளை அன்றைக்குப் பார்சல் தராசில் ஏறி நிற்கச் சொன்னான்.

அவள் ஏறி நின்றாள். அவன் தராசுக் குண்டை ஐம்பதில் வைத்தான், நாற்பதுக்குத் தள்ளினான், முப்பதுக்குத் தள்ளினான், ஒரு மாங்காய்க் கூடையின் அளவுக்கு வந்தான், ஒரு வெற்றிலைக் கட்டின் அளவுக்கு வந்தான், கடைசியில் குண்டு பூஜ்யத்தில் போய் முட்டி நின்றபோதும் தராசுக்கோல், யாருமே ஏறாததுபோல, அசையாமல் நேராகக் கிடந்தது.

“நல்லா ஏறி நில்லு.”

“நின்னுகிட்டுதான இருக்கேன்.”

ஸ்டேஷன் மாஸ்டர் நாயர் வந்து தானே ஏறிப் பார்த்தார். எண்பத்திரண்டு கிலோ காட்டியது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. டிவிஷன் ஆபீசுக்குக் கடிதம் போய், முத்திரை வைத்த எடைக்கற்களோடு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, ஒரு பகல் முழுக்கச் சோதித்து, தராசில் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாரல் நேரம் என்பதால் குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுத் திரும்பிப் போனார். தராசு சரியென்றால் மற்றது தானே முடிவாகிவிட்டது. ஊர் அதை, மழை பெய்ததைக் கேட்டுக்கொள்வதுபோல் கேட்டுக்கொண்டது.

ஆச்சரியப்படாத இன்னொருத்தி ஆவுடைத்தங்கம். தன் எடை எங்கே போனதென்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை பால்வாடி வாசலில் வேப்பமரக் கிளையில் ஒரு தராசு தொங்கும். ரெஜினா டீச்சர் பிள்ளைகளைத் துணித்தூளியில் ஒவ்வொன்றாக மாட்டி நிறுத்து, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்ட அட்டையில் புள்ளி வைப்பார். டீச்சர் மெதுவாகத்தான் சொல்வார், ஆனால் வரிசையில் நிற்கும் தாய்மார்கள் அதை வாய்வாயாக வேலிக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். குழல்வாய்மொழியின் புள்ளி மஞ்சளுக்குக் கீழேயே தவழ்ந்துகொண்டிருந்தது. பால் போதவில்லையோ என்றார்கள், கைராசி இல்லையோ என்றார்கள், ஒற்றைப் பிள்ளையைக்கூடத் தேற்ற முடியவில்லையே என்றார்கள், மெலிந்த தாய்க்கு மெலிந்த பிள்ளை என்றார்கள். ஒவ்வொன்றையும் அவள் உண்மை என்று வாங்கிக்கொண்டு, பிள்ளையில் குறைந்த நூறு கிராமுக்கு ஈடாகத் தன்னிலிருந்து ஒரு கிலோவை, யாரும் கேட்காமலேயே, எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்தில் கொடுக்க ஒன்றுமில்லாமல் போனது. அவள் உட்கார்ந்தால் கயிற்றுக்கட்டில் முனகுவதில்லை என்பதையும், அவள் நடந்தால் கோழிகள்கூட ஒதுங்குவதில்லை என்பதையும் அவள் முன்பே கவனித்திருந்தாள். சொல்லத்தான் இல்லை.

ஊருக்கு அவள் பெரிய சௌகரியமாகிப் போனாள். மேல்காற்று வலுப்பதற்குள் ஓடு மாற்றவேண்டிய வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் மிதித்து ஓர் ஓடும் உடைந்ததில்லை. வெயிலில் காயும் கூழ்வத்தலுக்கு நடுவே நடந்து காக்கை விரட்ட அவளைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் வத்தலில் அவள் பாதம் பதிந்ததில்லை. சிமெண்டுப் பூச்சு காயாத தரைக்கு நடுவே மாட்டிக்கொண்ட பூனையை எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை ஏறினாலே முறிந்துவிடும் முருங்கைக் கிளைகளின் நுனிவரை ஏறிக் காய்பறிக்கக்கூடியவள் தென்காசி தாலுகாவிலேயே அவள் ஒருத்திதான் என்பதில் மேலக்கணவாய்க்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது. அந்த வருஷம் அந்த ஊரில் முருங்கைக்காய் சாம்பார் வைக்காத வீடு இல்லை.

ஆடி பிறந்து காற்று நிஜமாகவே அடிக்க ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் கூட்ஸ் ஷெட் கூரையில் வைத்தது. இரண்டு போர்ட்டர்கள் ஏணி போட்டு இறக்கினார்கள். அன்றிலிருந்து குற்றாலிங்கம் டியூட்டிக்குப் போகுமுன் பார்சல் கயிற்றில் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையை வாசல் தூணிலும் கட்டிவிட்டுப் போனான். பழக்க தோஷத்தில் ஓர் அட்டையும் எழுதி முடிச்சில் தொங்கவிட்டான்: இன்னாரின் மனைவி, கண்டெடுப்பவர்கள் மேலக்கணவாய் ஸ்டேஷனில் சேர்ப்பிக்கவும். அவனுக்குத் தெரிந்த பிரியம் அதுதான்.

அவனுடைய அக்கா உலகம்மாள் இதைவிட நல்ல யோசனை சொன்னாள். நான்கு பிள்ளைகளைப் பெற்று, நான்கையும் பச்சைக் கோட்டுக்கு மேலேயே வளர்த்தவள் என்பதால் அவள் சொன்னதற்கு ஊரில் மறுபேச்சில்லை. காற்றில் போகாமல் இருக்க ஆவுடையின் கையில் எப்போதும் ஏதாவது பாரம் இருந்தால் போதும் என்றாள் அவள். எல்லோரும் ஆளுக்கொன்று கொடுங்கள், அவளுக்கும் நல்லது. இரக்கமுள்ள ஊர் அது. ஒருத்தி ரேஷன் அரிசியைக் கொடுத்தாள், ஒருத்தி அரைக்க வேண்டிய மாவைக் கொடுத்தாள், ஒருத்தி தண்ணீர்க் குடத்தையும், ஒருத்தி அழுகிற பிள்ளையையும், ஒருத்தி சலவைக்குப் போகும் ஜமுக்காளத்தையும் கொடுத்தாள், எல்லோரும் அவளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு கைவீசி நடந்து போனார்கள். அவள் ஊர்ப் பாரத்தையெல்லாம் சுமந்து, இடுப்பில் தன் பிள்ளையையும் சுமந்து, தாமதமானதற்கு எல்லோரிடமும் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். ஒருநாள் பதினைந்து கிலோ அரிசிச் சிப்பத்தோடு அவளைத் தராசில் நிறுத்திப் பார்த்தான் குற்றாலிங்கம். பதினைந்து கிலோதான் காட்டியது.

அப்படியிருக்கையில் ஒரு முதல் புதன்கிழமை காலையில், தபாலாபீஸ்காரர் வீட்டுப் புறவாசலிலிருந்த பெரிய முருங்கையில் காய்பறிக்க அவள் ஏறினாள். பிள்ளையைக் கீழே விட்டிருந்தாள். மேலே அம்மா கண்ணுக்குத் தெரிகிறவரை அது அழாது. காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. நுனிக்கிளையில் நின்றபோது ஊரின் எல்லாப் புறவாசல்களும் அவள் காலடியில் விரிந்து கிடந்தன. முன்வாசல்களை மட்டுமே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. ஒருத்தி தீய்ந்துபோன பால்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பிள்ளையின் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, உடனே அதைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

உலகம்மாளின் புறவாசலில், கிணற்றடியில், அவளுடைய கடைசிப் பையன் பிச்சாண்டி பால்வாடிக்குப் போகச் சிங்காரித்துத் தயாராக நின்றிருந்தான். உலகம்மாள் அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். இன்னொரு செம்பு கொடுத்தாள். அவன் தலையை ஆட்ட ஆட்ட மூன்றாவதையும் புகட்டினாள். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆற்றுக் கூழாங்கற்கள் நாலைந்தை எடுத்து, அவன் நிக்கர் பைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, மேலே சட்டையை இழுத்துவிட்டாள்.

ஆவுடைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் உலகம்மாள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தபோது அந்த முகம் தெரிந்தது. ஒவ்வொரு முதல் புதன்கிழமையும் ஆவுடை தன் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம்.  நான்கு பிள்ளைக்காரி, ஊருக்கே வழிசொல்கிறவள், அவளுக்கும் இந்த பயமா.

சிரிப்பு நின்றது. அவள் கீழே தன் பிள்ளையைப் பார்த்தாள். குழல்வாய்மொழி ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தது. ஈர்க்குச்சிக் கால்கள், விலா எலும்பு எண்ணலாம், ஆனால் என்ன ஓட்டம், ஆட்டுக்குட்டிக்கு மூச்சு வாங்கியது. இந்த ஓட்டம் எந்த அட்டையில் ஏறும் என்று நினைத்தாள். நினைத்ததும் அந்த ஒன்பது நாள் ஞாபகம் வந்தது: உறிஞ்சத் தெம்பில்லாத வாயில், பாலாடைச் சங்கால் சொட்டுச் சொட்டாக, மணிக்கொரு தடவை பால் விட்டது, ஒரு பாலாடை இறங்க முக்கால்மணி நேரம் ஆனது, அது முடிந்து அடுத்ததற்குள் அந்தக் கைக்கு ஒரு நீட்டி மடக்கல், அவ்வளவுதான் ஓய்வு. நேர்ந்துகொண்டவர் நேர்ந்துகொண்டார், மருந்து கொடுத்தவர் கொடுத்தார். பாலாடை பிடித்தது தன் கை. அதை யாரும் நிறுக்கவில்லை. நிறுக்காததால் அது நடக்கவில்லை என்று தானும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்து, அவள் தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் கிளை முறிந்தது.

வைக்கோல் படப்பில் விழுந்ததால் கணுக்காலில் ஒரு சிராய்ப்போடு போனது. வருஷக்கணக்கில் அவள் உடம்பில் பட்ட முதல் அடி அது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பால்வாடிக்கு நடந்தாள். பிச்சாண்டி வழக்கம்போல எடையில் முதலாக வந்தான், வழியெல்லாம் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். குழல்வாய்மொழிக்கு இருநூறு கிராம் குறைந்திருந்தது. ரெஜினா டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வழக்கமாக அப்போது தலைகுனிந்து நிற்கிறவள், போன மாதம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அடுத்த மாதம் ஏறிவிடும் டீச்சர் என்று சாதாரணமாகச் சொல்லி அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போகவில்லை, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டே போனாள்.

மறுநாள் ரேஷன் அரிசியோடு வந்தவளிடம், வேண்டாம் அக்கா, நீங்களே தூக்கிட்டுப் போங்க என்றாள். குடத்தோடு வந்தவளிடமும் அதையே சொன்னாள். ஊருக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது. எடையில்லாதவளாக இருந்தபோது எவ்வளவு தங்கமாக இருந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். முருங்கைக்காய்கள் எட்டாத உயரத்தில் முற்றி வெடித்து, விதைகள் காற்றில் பறந்தன. குற்றாலிங்கம் மூன்று தடவை தராசில் ஏறச் சொல்லிப் பார்த்தான்; மூன்று தடவையும் அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். இடுப்புக் கயிற்றை அவளே அவிழ்த்துக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டாள். அவனுக்கோ கையில் இருந்தது பழைய கணக்குதான், தாயின் எடை பூஜ்யம் என்று. ஆகவே பிள்ளைக்கு மட்டும் என்று ஒன்பது கிலோ கருப்பட்டி வாங்கி ஓலைப்பெட்டியில் கட்டிவைத்தான்.

ஆவணிக் கார்த்திகை அன்றைக்கு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நேர்ச்சை என்றால் ஊரே போகிற காலம். கட்டுச்சோறும் எலுமிச்சை ஊறுகாயுமாகப் பாதி மேலக்கணவாய் அடிவாரத்து மண்டபத்தில் கூடியிருந்தது. உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய துலாவின் ஒரு தட்டில் குற்றாலிங்கம் ஒன்பது கிலோவையும் அடுக்கினான். மறுதட்டில் ஆவுடைத்தங்கம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் தட்டு ‘தொம்’மென்று கல்தரையில் போய் இடித்தது, எதிர்த்தட்டு துள்ளி மேலே போனதில் இரண்டு கருப்பட்டி உருண்டு குருக்கள் காலடியில் விழுந்தது.

 குற்றாலிங்கத்துக்கு வேர்த்தது. நேர்ச்சையில் குறை வரக்கூடாது என்கிற பதைப்பில் உலகம்மாள்தான் முன்னால் வந்தாள்.

“ஏ ஆவுடை, நீ எறங்கிரு. நேர்ச்சை புள்ளைக்குத்தான. நான் மடியில வச்சிக்கிடுதேன்.”

சொல்லிவிட்டுத்தான் தானும் எடையுள்ளவள் என்பது அவளுக்கே உறைத்தது. பிள்ளை அதற்குள் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுக்க ஆரம்பித்திருந்தது. ஆவுடை அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“எறங்கமாட்டேன் மதினி.”

“அப்பம் ஒன் எடை எவ்வளவுன்னு சொல்லு,” என்றான் குற்றாலிங்கம், கெஞ்சுகிற குரலில். “சேத்து நிறுத்துட்டு, ஒன்னக் கழிச்சிருவோம்.”

அவள் அவனைப் பார்த்தாள். கோபமில்லை. எட்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டுவரும் மனுஷனிடம் ஒரு விஷயத்தை முதல் தடவையாகச் சொல்லவேண்டியிருக்கிறதே என்கிற வெட்கம் கொஞ்சம் இருந்தது.

“கழிக்க வேண்டாம். அந்த ஒம்பது நாளும் இவ மட்டுமா பொழச்சா? நானுந்தான பொழச்சேன். ரெண்டு பேரையும் சேத்தே நிறுங்க.”

குருக்கள் தொண்டையைச் செருமினார். தாயை நிறுக்கக்கூடாதென்று சாஸ்திரத்தில் எங்கும் இல்லை என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். கீழே கிடந்த இரண்டு கருப்பட்டியையும் அவரே எடுத்துத் தட்டில் வைத்தார். அதன் பிறகு ஊர் தன் வழக்கப்படி, நடந்துவிட்ட ஒன்றுக்கு ஆகவேண்டிய காரியத்தில் இறங்கியது. நாயர் அடிவாரக் கடைக்கு ஆளனுப்பினார், அந்தக் கடையில் இருந்தது தீர்ந்தது; அடுத்த கடையில் இருந்தது தீர்ந்தது; ரெஜினா டீச்சர், முருகனுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றாலும், பால்வாடிக் கஞ்சிக்கு வாங்கிப் பையில் வைத்திருந்த அரைக்கிலோவைக் கொண்டுவந்து வைத்தார்; அரிசி கொடுத்தவளும் மாவு கொடுத்தவளும் குடம் கொடுத்தவளும் வீட்டுக்கென்று வாங்கியிருந்ததை முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்தார்கள். வைக்க வைக்கத் தட்டு இறங்கவில்லை, இறங்கவில்லை, கொஞ்சம் இறங்கியது. கருப்பட்டி மணம் மண்டபம் முழுக்க ஏறி எறும்புகள் தூண்வழியே ஊர்வலம் தொடங்கின. நிறுக்காத எதையும் நம்பாத குற்றாலிங்கம் எந்த இடத்திலோ எண்ணிக்கையைத் தவறவிட்டான்; தவறவிட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை, தட்டில் உட்கார்ந்திருந்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கல்தரையிலிருந்து அவள் மெல்ல எழும்பி, எதிர்த்தட்டுக்கு நேராக வந்து நின்றபோது அவள் கண்ணை மூடவில்லை, கைகூப்பவில்லை, ஊஞ்சலில் இருப்பதுபோல் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

பந்தியில் உலகம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“அந்த முருங்கை மரத்துல இருந்து எங்க பொறவாசல் தெரியுமோ?” என்றாள், இலையைப் பார்த்தபடியே.

“எல்லார் பொறவாசலும் தெரியும் மதினி. எங்க வீட்டுதும் தெரிஞ்சிது.”

 உலகம்மாள் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து ஆவுடையின் இலையில் வைத்தாள்.

அந்த வருஷம் கோயிலில் பானகம் ஐப்பசிவரை தித்தித்தது என்பார்கள். இப்போது அந்த ரயில்பாதை அகலமாகிவிட்டது. கரிவாசனையும் இல்லை, பார்சல் ஆபீசும் இல்லை. வேப்பமரம் நின்ற இடத்தில் பால்வாடி காங்கிரீட் கட்டடமாகிவிட்டது. ஆனால் நேர்ச்சை முடிந்த அன்று சாயங்காலம், மேல்காற்று புழுதியை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்த ரோட்டில், மைதீன் பாயின் ஜட்கா கோயில் வாசலில் நின்றது. உலகம்மாளும் அவள் பிள்ளைகளும் ஏறினார்கள், குற்றாலிங்கம் ஏறினான், கடைசியாகத் தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆவுடைத்தங்கம் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். குதிரையைப் பூட்டிய ஏர்க்கால் இரண்டும் வானத்தைப் பார்க்க எழும்பின, குதிரையின் முன்னங்கால்கள் தரையைத் தேடின. மைதீன் பாய் திரும்பிப் பார்த்து, வருஷக்கணக்கில் அவளிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருந்ததைச் சொன்னார்.

“தாயி, கொஞ்சம் முன்னால தள்ளி இரிங்க. வண்டி பொறத்தால சாயுது.”

“எனக்கு இங்கனதான் சௌரியமா இருக்கு பாய்,” என்றாள் ஆவுடைத்தங்கம். “மத்தவங்க தள்ளிக்கிடட்டும்.”

குற்றாலிங்கம் முன்னால் தள்ளி உட்கார்ந்தான், உலகம்மாள் தள்ளி உட்கார்ந்தாள், அவள் பிள்ளைகள் நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கித் தள்ளி உட்கார்ந்தன, வண்டி சமன்பட்டதும் குதிரை ஒரு தும்மல் போட்டுவிட்டு, காற்றுக்கு எதிராக நடக்கத் தொடங்கியது.